ரத்னாகர மாமாவின் தட்டுகள்

அந்த டம்ளரைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க சார். டீயைக் குடிச்சு முடிச்சிட்டுத் திருப்புங்க, இல்லைன்னா மடியில ஊத்திக்குவீங்க. விளிம்புக்குக் கீழே இந்தியில ஏதோ வெட்டியிருக்கா? பக்கத்துல ஒரு நம்பர். உங்களுக்கு வந்திருக்கிறது நூத்தி நாற்பத்தாறு. வாய் கொஞ்சம் நசுங்கியிருக்கும், எங்க அப்பா அதால ஒரு தடவை நண்டு உடைச்சார். மத்தபடி நல்ல டம்ளர்.

நீங்க ஜெனரேட்டர் பாக்க வந்த மெக்கானிக்னு தெரியும். அந்தமான்ல இந்த மாதிரிக் கடைசித் தீவுக்கு யார் வந்தாலும், கப்பலைக் கட்டுறதுக்கு முன்னாடியே அவங்க பேரு, ஊரு, சர்க்கரை வியாதி எல்லாம் எங்களுக்குத் தெரிஞ்சிடும். நாலு நாளா கப்பல் இல்லாம மாட்டிக்கிட்டிருக்கீங்க. இன்னைக்கு வருது. அதோ, அந்தப் பாறைக்கு வலப்பக்கம், பொட்டு மாதிரி. இங்க வந்து கட்ட முக்கால் மணி நேரம் ஆகும். எனக்கு அவ்வளவு நேரம் போதும். உங்ககிட்ட ஒரு உதவி கேட்கணும். என்ன உதவின்னு இப்பவே சொன்னா எழுந்து போயிடுவீங்க. அதனால கதையை முதல்ல சொல்றேன்.

என் பேரு உலகம்மாள். உலகுன்னு கூப்பிடுவாங்க. பன்னெண்டாவது படிக்கிறேன். இது அம்மாவோட கடை, அம்மா இன்னைக்கு மருதாணி அரைக்கப் போயிட்டாங்க. எனக்கு ஒரு வரம் இருக்கு, யாரோட குரலும் எனக்கு வரும். ஒரு நாள் ஹெட்மாஸ்டர் குரல்ல வராண்டாவுல நின்னு, "மழை வருது, எல்லாரும் வீட்டுக்குப் போங்க"ன்னேன். ஸ்கூல் காலி. டீச்சருங்களும் குடையை எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஹெட்மாஸ்டர் மட்டும் மூணரை மணி வரைக்கும் ரூம்ல உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்தார். நீங்க சிரிக்கிறீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. அதுதான் எனக்கு வந்த கேடு.

சரி, டம்ளருக்கு வர்றேன். ரத்னாகர்னு ஒரு கப்பல். முப்பத்தொரு வருஷம் போர்ட் பிளேருக்கும் எங்க தீவுக்கும் ஆள் ஏத்திக்கிட்டு ஓடுச்சு. அதோட கேன்டீன்ல நாலு பள்ளம் வச்ச எவர்சில்வர் தட்டுலதான் சாப்பாடு வரும். சோத்துக்கு ஒரு பள்ளம், பருப்புக்கு ஒண்ணு, கூட்டுக்கு ஒண்ணு, ஊறுகாய்க்கு ஒண்ணு. தட்டு, டம்ளர் எல்லாத்துலயும் இந்தியில 'ரத்னாகர் கப்பல் கேன்டீன்'னு வெட்டி, நம்பர் போட்டிருக்கும். ஆனா நடுக்கடல்ல கப்பல் உருளுறப்போ யாரால சாப்பிட முடியும்? பாதிப் பேர் படுத்துடுவாங்க. பரிமாறுற ஆளு இரக்கப்பட்டு, தட்டோட வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, தட்டை அடுத்த டிரிப்புல குடுங்கன்னு சொல்லுவார். அடுத்த டிரிப்பு வரும். தட்டு வராது. முப்பத்தொரு வருஷம், சார். கடைசியில கப்பலை உடைக்க இழுத்துட்டுப் போனப்போ, கேன்டீன்ல ரெண்டு கரண்டிதான் மிச்சமாம். மத்ததெல்லாம் இங்க வீட்டுக்கு வீடு அடுப்படியில இருந்துச்சு. திருட்டுன்னு யாரும் சொன்னதில்லை. கப்பல் தட்டுன்னுதான் சொல்லுவோம்.

போன ஆனி மாசம் எங்க அக்கா கோமதியைப் பொண்ணு பாக்க வந்தாங்க. தூத்துக்குடியில இருந்து. அப்பாவோட சொந்த ஊருக்கு அடுத்த ஊர்க்காரங்க. அவ்வளவு தூரத்துல இருந்து, கடலைத் தாண்டி, ஏன் பொண்ணு எடுக்க வர்றாங்கன்னு எங்க வீட்டுல யாரும் கேட்கலை. ஜாதகம் அப்படிப் பொருந்துச்சாம். மூணு பேர் வந்தாங்க. மாப்பிள்ளை இசக்கிராஜன். அவங்க அம்மா செல்லத்தாய் அத்தை. அப்புறம் மாப்பிள்ளையோட சித்தப்பா, போலீஸ்ல ஏட்டா இருந்து ரிட்டயர் ஆனவர். அது முக்கியம், ஞாபகம் வச்சுக்குங்க. மாப்பிள்ளை மூணு வருஷம் பூனாவுல வேலை பாத்துட்டு ஊருக்குத் திரும்பினவர். அது முக்கியமில்லை.

காலையில இறங்கி, பொண்ணைப் பாத்துட்டு, சாயங்காலம் அதே கப்பல்ல திரும்பறதாத் திட்டம். மத்தியானமே கடல் பொங்கிடுச்சு. கப்பல் சொல்லாம கொள்ளாம ஓடிப் போச்சு. பதினோரு நாள் கப்பல் இல்லை. பொண்ணு பிடிக்கலைன்னாலும் போக முடியாது. பிடிச்சிருந்தாலும் போக முடியாது. ரெண்டு ரூம் வீட்டுல ஏழு பேர். கோமதி பதினோரு நாளும் பட்டுப்புடவையிலயா நிப்பா? மூணாம் நாள் நைட்டியில உட்கார்ந்து மீன் கழுவினா. ஏட்டு சித்தப்பா அப்பாவோட லுங்கியைக் கட்டிக்கிட்டு, எங்க ஜன்னலுக்குக் கொக்கி சரியில்லைன்னு சொல்லிக்கிட்டிருந்தார்.

ஆனா எல்லாம் ஆரம்பிச்சது முதல் நாள் சாப்பாட்டுலதான். நம்ம ஜனங்க கையில ஒரு பாத்திரம் வந்தா முதல்ல என்ன பண்ணுவாங்க? உள்ளே என்ன இருக்குன்னு பாக்க மாட்டாங்க. யாரு பேரு வெட்டியிருக்குன்னு பாப்பாங்க. செல்லத்தாய் அத்தை தட்டைத் தூக்கிப் பாத்தாங்க. பக்கத்துத் தட்டைப் பாத்தாங்க. டம்ளரைப் பாத்தாங்க. எழுத்து புரியலை, ஆனா எல்லாத்துலயும் ஒரே பேரா இருக்கே, யாரு வச்ச சீருன்னு கேட்டாங்க. ஏட்டு சித்தப்பாவும் தன் தட்டை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தார், திருட்டு சைக்கிளுக்கு நம்பர் பாக்கிற மாதிரி. அப்பா மென்னுக்கிட்டிருந்த சோறு வாயில அப்படியே நின்னுடுச்சு. நான் தண்ணிச் செம்போட பக்கத்துல நிக்கிறேன். என் வாய் சும்மா இருக்குமா?

"அது எங்க ரத்னாகர மாமா பேரு அத்தை. அம்மாவோட அண்ணன்."

எங்க அம்மாவுக்குக் கூடப்பிறந்தவங்களே கிடையாது சார். தாய்மாமன் இல்லாத வீடுன்னு அத்தைக்கு ஏற்கெனவே ஒரு குறை. நாளைக்கு மாலை எடுத்துக் குடுக்க யாரு, ஒரு பேச்சுன்னா முன்ன நிக்க யாருன்னு தரகரைப் பிடுங்கி எடுத்திருக்காங்க. தரகர் இல்லைன்னாரேன்னாங்க. சண்டை போட்டுப் பிரிஞ்சிருந்தார், இப்போ சேர்ந்துட்டார்னேன். நம்பர் எதுக்குன்னாங்க. எத்தனாவது தட்டுன்னு மாமா போட்டு வச்சதுன்னேன். இருநூத்தி எட்டான்னு கேட்டாங்க. அதுக்கு மேலயும் இருக்கு அத்தை, ஊர்ல மத்தவங்களுக்கும் குடுத்திருக்கார்னேன். வாய்ல வருது சார், நான் என்ன பண்ண?

அப்பா அப்பவே மறுத்திருக்கலாம். மறுத்தா, இந்தத் தட்டெல்லாம் எங்கேயிருந்து வந்ததுன்னு சொல்லணும். எதிர்ல ஏட்டு. அப்பாவுக்கு இந்தக் கப்பல் துறையிலயே கயிறு பிடிச்சுக் கட்டுற வேலை, அதுவும் போயிடும். அப்பா சோத்தை முழுங்கினார். ஆமா, மச்சான்தான்னார். அப்புறம் கொல்லைப்பக்கம் கூட்டிட்டுப் போய் என் காதைத் திருகினார். திருகிட்டு, "மாமா எந்தத் தீவுல இருக்காரு?"ன்னு கேட்டார். அவருக்கும் தெரிஞ்சிருக்கணும்ல.

மழைக்கு நடுவுல பதினோரு நாள் என்ன பண்றது? ஒவ்வொரு வீடா விருந்துக்குக் கூப்பிட்டாங்க. ஒவ்வொரு வீட்டுலயும் அதே தட்டு, அதே பேரு. ஏட்டு அங்கேயும் தட்டைத் தூக்கிப் பிடிக்கிறார். மண்டல் தாதான்னு எங்க மளிகைக் கடைக்காரர், வங்காளி, அவர் முகம் வெளுத்துப் போச்சு. "ஹோ, ரொத்னாகர் மாமா, ரொம்போ நொல்லா மொனுஷன்"னார். ஆஸ்பத்திரி சாரம்மா சிஸ்டர், மலையாளி, "ஆ, அந்த மாமன், எனிக்கும் ஆறெண்ணம் தந்நு"ன்னாங்க. ஒரே வாரத்துல ஒரு தீவே மாமாவுக்குச் சொந்தமாயிடுச்சு. அத்தை ஒவ்வொரு வீட்டுலயும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. கர்ணனைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன், பாத்ததில்லைன்னாங்க.

மாப்பிள்ளை மட்டும் அதிகம் பேச மாட்டார். தட்டைக் கழுவக் குடுக்கும்போது அந்த எழுத்தைக் கட்டைவிரலால ஒரு தடவை தடவிப் பாப்பார். கப்பல் வந்த அன்னைக்கு, ஏறுறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்தார். "உங்க மாமாவை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. எத்தனை பேரைச் சுமந்திருக்கார்"னு சொல்லிட்டுப் போனார். எவ்வளவு மரியாதை பாருங்க.

அதுக்கு முன்னாடியே, நாலாம் நாள், அத்தை மாமாகிட்ட பேசியே ஆகணும்னாங்க. நான் மண்டல் தாதாவோட பழைய போனை வாங்கிக்கிட்டுத் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி போனேன். மத்த குரலெல்லாம் கேட்டுச் செய்யறது. இதைப் புதுசாச் செய்யணும். ரத்னாகர் கிளம்பும்போது அடியில இருந்து ஒரு உறுமல் வரும் சார், கால் வழியா ஏறும். அதை எடுத்தேன். மேல கொஞ்சம் வெத்தலை மெல்லுற வாயைப் போட்டேன். "தங்கச்சி, நல்லா இருக்கியாம்மா?" அவ்வளவுதான் சொன்னேன். அந்தப் பக்கம் அத்தை அழுதுட்டாங்க. புருஷன் போனதுக்கப்புறம் ஒருத்தரும் அவங்களை அப்படிக் கேட்கலையாம்.

சம்பந்தம் பேசி முடிஞ்சது. மாமா சரின்னார், அப்புறம் என்ன. அவங்க ஊருக்குப் போயிட்டாங்க. விஷயம் முடிஞ்சதுன்னு நினைச்சேன். எங்க முடிஞ்சது? தினமும் மூணு மணிக்கு மாமாவுக்குப் போன் வரும். ஸ்கூல் விடறது மூணரைக்கு. நான் வயித்துவலின்னு எழுந்து போவேன். அஞ்சாவது தடவை டீச்சர் என்னைச் சாரம்மா சிஸ்டர்கிட்ட அனுப்பி ஊசி போட வச்சாங்க. எனக்குச் சளி பிடிச்சா மாமாவுக்குச் சளி. எனக்குப் பரீட்சைன்னா மாமாவுக்குத் தேங்காய் வெட்டு. ஒரு நாள் எடுக்கலைன்னா அத்தை அப்பாவுக்குப் போன் பண்ணிடுவாங்க, அண்ணனுக்கு உடம்பு சரியில்லையான்னு. அப்பா என்னை முறைப்பார். நான் சிரிச்சுக்கிட்டே தொட்டிக்குப் பின்னாடி போவேன். எட்டு மாசம். அந்தத் தொட்டிக்குப் பின்னாடி புல்லே முளைக்கலை, பாருங்க, நான் நின்ன இடம்.

தை மாசம் ஒரு நாள் அத்தை குரல் வேற மாதிரி இருந்துச்சு. அண்ணே, உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு ஆரம்பிச்சாங்க. மாப்பிள்ளை வேற ஒரு பொண்ணை விரும்புறாராம். உப்புக் கம்பெனி ஆபீஸ்ல கூட வேலை பாக்குற பொண்ணு. கட்டினா அவளைத்தான்னு ரெண்டு வருஷமா நின்னிருக்கார். ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரியும், அதான் யாருக்கும் தெரியாத இடமாப் பாத்துக் கடலைத் தாண்டி வந்தேன்னாங்க. இப்போ பத்திரிகை அடிச்ச பிறகு மறுபடியும் மாட்டேங்கிறான், அப்பா இல்லாத பிள்ளை, நீங்க ஒரு வார்த்தை பேசினாக் கேப்பான்னாங்க.

அன்னைக்கே நான் அக்காகிட்ட ஓடியிருக்கணும். தெரியும் சார், அப்படிப் பாக்காதீங்க. ஆனா அவ்வளவு பெரிய வேஷம் எனக்கு அது வரைக்கும் கிடைச்சதே இல்லை. பேசினேன். மாமா குரல்ல மாப்பிள்ளைகிட்டப் பெத்தவ கண்ணீரைப் பத்திப் பேசினேன். செத்துப்போன அப்பாவைப் பத்திப் பேசினேன். ஆம்பளைன்னா சொன்ன சொல்லுல நிக்கணும் மாப்பிள்ளைன்னேன். நடுவுல இருமினேன், தண்ணி குடிச்சேன், தென்னைமரத்துல ஒரு உவமை கூடச் சொன்னேன். முடிச்சப்போ எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. அவ்வளவு நல்லா வந்துச்சு.

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்.

"வேற ஏதாவது சொல்லணுமா மாமா?"

வேற என்ன, நூறு வருஷம் நல்லா இருங்கன்னேன்.

"சரிங்க மாமா."

வச்சிட்டார்.

எல்லாக் குரலும் வரும்னு சொன்னேனே, அந்த 'சரிங்க மாமா' மட்டும் எனக்கு வரலை. கடற்கரையில தனியாப் போய் நின்னு பண்ணிப் பாத்தேன். நூறு தடவை பண்ணியிருப்பேன். சொல்லு வருது. உள்ளே இருந்தது வரலை.

கோமதி ரயிலே பாத்ததில்லை சார். இருபத்து மூணு வயசு. மாப்பிள்ளை வீட்டு மொட்டைமாடியில நின்னா ரயில் போறது தெரியும்னு அத்தை சொல்லி வச்சிருக்காங்க. எந்த ரயில் எத்தனை மணிக்குப் போகும்னு அவ ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கா. இந்தத் தீவை விட்டுப் போகணும்னா அவளுக்கு வேற கப்பல் கிடையாது. அவ போய் மாடியில நின்னு ரயிலை எண்ணுவா. கீழே அந்த மனுஷன் அந்த 'சரிங்க மாமா' மாதிரியே உட்கார்ந்திருப்பார். இது எனக்கு ராத்திரி பகலா மண்டைக்குள்ள ஓடுது.

நான் சும்மா இல்லை. போன வாரம் அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். தட்டு, மாமா, உப்புக் கம்பெனி, எல்லாம். சொல்லும்போது அழுதேன். அவ புடவை மடிச்சுக்கிட்டே கேட்டா. கேட்டுட்டுச் சிரிச்சா. "உலகு, அம்மா அழுகிற மாதிரியே இருக்குடி. இன்னொரு தடவை பண்ணு"ன்னா. அப்பாகிட்டப் போனேன். தீவு பூராவையும் ஏட்டுகிட்ட மாட்டி விடப் பாக்கிறியான்னார். கடைசியில முந்தாநாள் நானே மாமாவாப் பேசி, இந்தக் கல்யாணம் வேணாம் தங்கச்சின்னு அத்தைகிட்டச் சொன்னேன். அவங்க போர்ட் பிளேருக்கு வந்து இறங்கியிருந்தாங்க. என்னைச் சோதிக்கிறீங்களா அண்ணேன்னாங்க. "தாய்மாமன் வாக்கு பெரிசு. ஆனா அதைக் கப்பல் துறையில நின்னு என் முகத்துக்கு நேராச் சொல்லுங்க. அதே கப்பல்ல திரும்பிடறேன்." இதுதான் அவங்க சொன்னது.

அந்தக் கப்பல்தான் சார் இப்போ வருது. பாறையைத் தாண்டிடுச்சு பாருங்க. கல்யாணம் நாளன்னைக்கு.

கயிறு கட்டின அந்த அஞ்சு சாக்கைப் பாத்தீங்களா? தட்டு. மாமா வச்ச சீரு முழுசா வரணும்னு அத்தை கேட்டாங்க. வீட்டுக்கு வீடு ஒண்ணு விடாம குடுத்துட்டாங்க, குடுக்காம இருக்க முடியுமா, மாமா சொத்தாச்சே. மண்டல் தாதா பிளாஸ்டிக் தட்டுல சாப்பிடுறார். நீங்க குடிக்கிற டம்ளர் நசுங்கினது, சீருக்கு ஆகாதுன்னு விட்டுட்டாங்க.

இப்போ உதவி. நாலு நாளைக்கு முன்னாடி நீங்க இங்க வந்து, "ஒரு டீ, சர்க்கரை கம்மியா"ன்னு கேட்டீங்கள்ல? நான் பாலைக் கொட்டிட்டேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், உங்க செருப்புல பட்டுச்சு. அது மாமா குரல் சார். உறுமல், வெத்தலை, எல்லாம். எட்டு மாசமா நான் உங்க குரல்லதான் பேசிக்கிட்டிருக்கேன், உங்களுக்குத் தெரியாம. ஒரே ஒரு வரி. "இந்தக் கல்யாணம் வேணாம் தங்கச்சி." அவ்வளவுதான். வேட்டி மண்டல் தாதா தருவார். வெத்தலை இதோ, மடிச்சே வச்சிருக்கேன். சொல்லிட்டு நீங்க அதே கப்பல்ல ஏறிப் போயிடலாம்.

என்ன? ஹாரன் சத்தத்துல கேட்கலை. பூனாவா? ஆமா, மாப்பிள்ளை மூணு வருஷம் இருந்தார். அதான் முக்கியமில்லைன்னேனே.

மூணு வருஷம் அங்க இருந்தவருக்கு இந்தி படிக்கத் தெரியாமலா இருக்கும்னா கேக்குறீங்க?

இருங்க சார்.

தூத்துக்குடிக்காரங்கன்னா இந்தி தெரியாதுன்னு. நாங்க எல்லாரும் அப்படித்தான் நினைச்சோம். இங்க சின்னப் பிள்ளைங்க கூடப் படிக்கும், ஆனா அந்தப் பக்கத்துல இருந்து வர்றவங்க...

கட்டைவிரலால தடவினார் சார். பதினோரு நாளும் தடவினார். எத்தனை பேரைச் சுமந்திருக்கார்னார். கப்பலைச் சொல்லியிருக்கார். என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லியிருக்கார். நான் மரியாதைன்னு நினைச்சேன்.

அப்போ போன்ல பேசினது யாருன்னும் தெரியும். மாமாவே இல்லைன்னா வேற யாரு. வேற ஏதாவது சொல்லணுமான்னு அவர் மாமாவைக் கேட்கலை. என்னைக் கேட்டிருக்கார். அவ்வளவு நேரம் சும்மா இருந்தாரே, நான் சிரிப்பேன்னு இருந்திருக்கார். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்னு நான் ஒரு தடவை சிரிச்சிருந்தாப் போதும். அக்காவும் தப்பிச்சிருப்பா, அவரும் தப்பிச்சிருப்பார். நான் நூறு வருஷம் நல்லா இருங்கன்னு வாழ்த்திட்டேன்.

அப்பா கயிறைப் பிடிச்சிட்டார். மேல்தட்டுல பச்சைப் புடவையில நிக்கிறாங்களே, அவங்கதான் செல்லத்தாய் அத்தை. கண்ணு மாமாவைத் தேடுது. பின்னாடி வெள்ளைச் சட்டை, மாப்பிள்ளை. துறையைப் பாக்கலை பாருங்க. சாக்கைப் பாக்கிறார்.

வெத்தலையை அப்படியே வைங்க சார். எழுந்திருக்க வேணாம். உங்க குரல் எனக்கு வேணாம். அத்தைகிட்ட இல்லை, நான் நேரா அவர்கிட்டப் போறேன். இந்தத் தீவுல என்னை நம்பக்கூடிய ஒரே ஆளு அவர்தான், நான் பொய் சொல்றேன்னு முதல் நாளே தெரிஞ்சுக்கிட்டவர். அவரைக் கையோட கூட்டிட்டுப் போய் கோமதி முன்னாடி நிறுத்துவேன். அப்புறம் அவ சிரிக்க மாட்டா.

ஒரே ஒரு கஷ்டம். என் குரல்ல பேசணும். அது எப்படி இருக்கும்னு எனக்கு நிச்சயமாத் தெரியலை. நீங்கதான் முக்கால் மணி நேரமா உட்கார்ந்து கேட்டீங்க. மாமா, மண்டல் தாதா, சாரம்மா சிஸ்டர் எல்லாரையும் எடுத்துட்டா, நடுநடுவுல ஒருத்தி பேசினா இல்லையா சார். அவ பேசினது நம்புற மாதிரி இருந்துச்சா?